கால் சுற்று

ஃபிட்டரின் மனைவிக்கு இடது காறை எலும்புக்குக் கீழே ஒரு திருகாணி இருந்தது. அவள் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் அது பிறவியிலேயே உண்டு. ஆண்டு முழுக்கத் தானாக இறுகும். ஆண்டுக்கு ஒருமுறை கால் சுற்று தளர்த்த வேண்டும், தவறினால் மூச்சு குறையும். கல்யாணத்துக்கு முன் அதை அவள் அக்கா பார்த்துக்கொண்டாள், பின்பு ஃபிட்டர். பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை.

பட்டறையில் அவருடைய கருவிகளை யாரும் தொட முடியாது. திருப்புளி வாங்கப் போனால் கடையில் அரை நாள் நிற்பார். வெளிச்சத்தில் முனையைப் பார்ப்பார், கைப்பிடியை முறுக்குவார், பொருந்துகிறதா என்று கடைக்காரரின் சொந்த மேஜையிலேயே திருகிப் பார்ப்பார். அப்படி வாங்கியது தேய்ந்ததும் வீட்டுக்கு வரும். வீட்டில் என்ன பெரிய வேலை? ஜன்னல் கொக்கி, மின்விசிறி, மனைவி. பதின்மூன்றாம் ஆண்டு, தேய்ந்த முனை ஆணித்தலையின் பள்ளத்தில் வழுக்கியது. அவர் இன்னும் அழுத்தித் திருகினார். பள்ளம் மழுங்கி வட்டமானது. ஆணி அசையவில்லை.

மறுநாள் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. மூன்றாம் நாள் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினாள். அவர் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ரப்பர் பட்டையை நடுவில் வைத்துத் திருகினார், ரப்பர் கிழிந்தது. சூடு காட்டினால் இரும்பு விரிந்து பிடி விடும், ஆனால் இந்த ஆணியைச் சுற்றி இருப்பது இரும்பு இல்லை. துளை போட்டு எடுக்கலாம். துளைப்பான் உள்ளே முறிந்தால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. பட்டறையில் ஒரே போல்ட்டை நான்கு முறை அளந்தார். நான்கு வெவ்வேறு அளவு வந்தது.

ஐந்தாம் நாள் அக்கா வந்தாள்.

"மாப்பிள்ளே, கம்பெனி மெஷின்ல இந்தத் திருப்புளியை வைப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இவ என்ன, ஓசில வந்த மெஷினா?"

மனைவி சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே மூச்சு தீர்ந்தது.

ஃபிட்டர் பட்டறைக்குப் போய், இன்னும் யார் கையும் படாத தட்டைத் திருப்புளியையும் மெல்லிய ரம்பத் தகட்டையும் எடுத்து வந்தார். ஆணித்தலையின் குறுக்கே நேராக ஒரு பள்ளம் அறுத்தார். முனை இடைவெளியில்லாமல் உட்கார்ந்தது.

"முதல்ல இறுக்கணும்," என்றார். "அப்பதான் துரு விடும்."

"எவ்ளோ?"

"மயிரிழை."

"நீங்க மயிரிழைன்னா... பயமா இருக்குங்க," என்றாள் மனைவி. "சரி. இறுக்குங்க."

இறுக்கினார். அவள் மூச்சு நின்றது. அக்கா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முகம் வெளிறியது, உதடு நீலமானது, உள்ளே எதுவோ 'டிக்' என்றது. அவர் எதிர்ப்பக்கம் திருப்பினார். கால் சுற்றில் நிறுத்த வேண்டும் என்று தெரியும். கை நிற்கவில்லை. ஆணி முழுதாக வெளியே வந்து விழுந்தது. விரல் நீளம், இளஞ்சூடு.

அந்தக் குடும்பத்தில் யாருடையதும் அதுவரை வெளியே வந்ததில்லை. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு துளையிலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒலி வந்தது. அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றார். ஃபிட்டர் துருப்பிடிக்காத புது ஆணி வாங்கி வந்தார், அவள் வேண்டாம் என்றாள். அடுத்த மாதம் அக்காவும் கழற்றிக்கொண்டாள். படி ஏறும்போது மனைவியின் சீழ்க்கை உயரும், உட்கார்ந்தால் தாழும், கண்ணயர்ந்தால் அதைக் கேட்கப் பக்கத்து வீட்டார் வானொலியைக் குறைப்பார்கள். கோபம் வந்தால் துளையை ஒரு விரலால் அடைத்துக்கொள்வாள். ஃபிட்டர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அவள் விரலை எடுக்கும்வரை நிற்பார்.