தோள் தேர்ந்தெடுத்த ரைபிள்

மோன்டானா மலைச்சரிவில் பனிமூட்டம் பஞ்சாய் மிதந்தது. இந்த வேட்டைப் பருவத்தில் தன் கையால் முதல் எல்க் மானை வீழ்த்துவது டார்லாவின் கனவு. யானையையே சாய்க்கும் மேக்னம் ரைபிள்தான் வேண்டுமென்று, அண்ணன் வெண்டலுடையதை வாங்கி, தூரத்தில் நட்டிருந்த அட்டையைக் குறிபார்த்தாள்.

விசையை இழுத்தாள். சத்தமில்லை, குழல் மட்டும் துள்ளியது.

"மருந்தில்லாத வெத்துத் தோட்டாவ போட்டேன்டி," என்றான் வெண்டல். "துப்பாக்கி உதைக்கல, உதைக்கும்னு பயந்து நீதான் உதறுற. இப்படிச் சுட்டா மான் அடிபட்டு ஓடி, எங்கயோ கிடந்து துடிக்கும்." உதை குறைந்த இன்னொரு ரைபிளை நீட்டினான்.

"அதுக்காக இந்த முப்பது-நாட்-ஆறு ரைபிளா? அது கிழவனுங்க துப்பாக்கிண்ணா."

"மான்லேருந்து கரடி வரைக்கும் அது போதும். உன் தோளும் தாங்கும்."

முகத்தைச் சுளித்தபடியே அந்தச் சிறிய ரைபிளை வாங்கினாள். மூச்சை மெல்ல விட்டபடி விசையை அழுத்தினாள்; எப்போது வெடித்ததென்றே அவளுக்குத் தெரியவில்லை. அட்டையின் நடுவில் விழுந்த துளையில் காலை வெளிச்சம் கசிந்தது.

"வேட்டைக்கு இதையே எடுத்துக்கிறேன்," என்றாள்.