மேகச் சட்டை

எழுபத்திரண்டு சதவீதத்தில் பச்சைக் கோடு நின்றது.

அவள் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டிஸ்க் எழுதும்போது தரை அதிரக் கூடாது என்று எப்போதோ யாரோ சொன்னது. அன்றிலிருந்து கோடு ஓடும் நேரமெல்லாம் அவள் கால்கள் அந்தரத்தில்தான் இருக்கும். டிரைவுக்குள் டிஸ்க் சுற்றும் சத்தம் மெல்ல இறங்கி, ஒரு கட்டத்தில் இல்லாமலே போயிற்று. மவுஸை நகர்த்திப் பார்த்தாள். அம்பு அசையவில்லை. திரையின் மூலையில் மணி பதினொன்று பத்து என்று காட்டியது, சுவர்க் கடிகாரத்திலோ பதினொன்று பதினேழு. நடுவில் ஏழு நிமிஷம் அவளும் கண்ணசந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

பட்டனை அழுத்திப் பிடித்துக் கம்ப்யூட்டரை அணைத்தாள். பேப்பர் க்ளிப்பை நீட்டி டிரைவின் சின்னத் துளையில் குத்தி, செத்த டிஸ்க்கை வெளியே எடுத்தாள். அதன் மேல் ‘10’ என்று அவளே மார்க்கரில் அழகாக எழுதியிருந்தாள். காலையிலிருந்து இது நாலாவது பத்து.

ஸ்டூடியோவின் பின்னால், ஒரு காலத்தில் ஃபிலிம் கழுவிய அறை அது. கல் தொட்டி அப்படியே இருந்தது, அதற்குள் வயர்கள் சுருண்டு கிடந்தன. ஜன்னல் கிடையாது. வெளிச்சம் நுழையக் கூடாது என்று கட்டிய அறைக்குள் காற்றும் தன் பங்குக்கு நுழையாமல் இருந்தது. படம் எடுக்க வருகிறவர்கள் வியர்த்துவிடக் கூடாதென்று முன்னறையில் ஏசி ஓடும். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் குளிர் இவள் கணுக்கால் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அவளுக்கு ஏழாவது மாதம். அறையில் ஓடிய டேபிள் ஃபேன் அவளுடையது. வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான். தினமும் காலையில் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவாள், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோவாள். அவள் கணவன் ஒரு கிடங்கில் இரவுக் காவல்காரன். பகலெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே தூங்குகிறவன். ஃபேன் உனக்கு வேண்டாமா என்று அவள் கேட்டதற்கு, தூங்கிவிட்டால் வெயில் யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டான். அவன் முதுகில் வேர்க்குரு பொரிந்திருந்தது அவளுக்குத் தெரியும்.

பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம். அறுபது டிஸ்க், திங்கட்கிழமை காலையில் கொடுக்க வேண்டும். செவ்வாயிலிருந்து மூன்று நாளாக முக்கி முனகி ஒன்பது தேறியிருந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், டிஸ்க்கின் கம்பெனியை மாற்றிப் பார்த்தார்கள், வைரஸ் பார்க்கிற புரோகிராமை நிறுத்திப் பார்த்தார்கள். கடைசியில் முதலாளி அவள் கையைப் பார்த்தார். கை வியர்வை டிஸ்க்கில் படுகிறதோ என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் டிஸ்க்கை முந்தானையால் பிடித்துத்தான் போட்டாள்.

பிரசவத்துக்கு மூன்று மாதம் விடுப்பு கொடுத்து, திரும்பவும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று போன வாரம் அவரிடம் கேட்டிருந்தாள். இரண்டு வருஷமாக வந்தாலும் அவள் தற்காலிகம்தான். "பார்க்கலாம்மா, முதல்ல இந்த ஸ்கூல் வேலை முடியட்டும்" என்றிருந்தார். அதனால் அந்தப் பச்சைக் கோடு நூறைத் தொடுவதில்தான் அவள் வேலையும் மாட்டிக்கொண்டிருந்தது.

பதினொன்றாவது எண்ணைத் தொடாமல் மறுபடி ‘10’ என்று எழுதி உள்ளே தள்ளினாள். கால்களைத் தூக்கிக்கொண்டாள். நாடகத்தை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். மரங்களாக நிற்கும் பிள்ளைகள், மீன்களாக ஓடும் பிள்ளைகள். நடுவில் நிலாவாக வந்த சிறுமி தன் வசனத்தை மறந்து வெறுமனே நிற்பாள். புழுக்கத்தில் இமைகள் செருகும்போது, அந்த நிலா எழுபத்திரண்டாவது படியில் நின்று யோசிப்பது மாதிரியும், அவளுக்கு வசனம் நினைவுக்கு வரட்டும் என்று கம்ப்யூட்டர் காத்திருப்பது மாதிரியும் இருந்தது. வயிற்றுக்குள் ஒரு மீன் புரண்டது.

மெக்கானிக் மத்தியானம்தான் வந்தார். காதில் எப்போதும் ஒரு திருகாணியைச் செருகிவைத்திருப்பதால் அவருக்கு ஸ்க்ரூ அண்ணன் என்று பெயர். நாடகத்தின் பத்தாம் பிரதி ஐந்தாவது முறையாகச் செத்துக் கிடந்தது. அவர் டிஸ்க்கைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டி ஒரு சட்டை போட்டிருந்தது. நீல வானமும் வெள்ளை மேகமும் வரைந்த துணி. முன்னறையில் படமெடுக்கப் பின்னால் தொங்கிய பழைய திரையைக் கிழித்து அவள் தைத்தது. தூசிதான் மெஷினுக்கு எமன் என்று முதலாளி சொல்லக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தைத்தாள். டிரைவுக்கும் பட்டனுக்கும் மட்டும் அளவாக இரண்டு வாசல் விட்டிருந்தாள்.

"யாரு இதுக்குச் சட்டை தைச்சது?"

"நான்தாண்ணே. தூசி போகக் கூடாதுன்னு."

"அளவெடுத்துல்ல தைச்சிருக்கீங்க. பின்னாடி பொத்தான் வேற." துணியைக் கழற்றிவிட்டு, "இங்க கை வையுங்க" என்றார்.

வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் இருந்தது.

எப்போதிலிருந்து நிற்கிறது என்று கேட்டார். அவள் விரல் விட்டு எண்ணினாள். சட்டை தைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் ஒரு கல்யாண டிஸ்க் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு. பெரிய வேலையாக இந்த நாடகம் வந்ததும் தொடர்ந்து நிற்க ஆரம்பித்துவிட்டது. எண்ணி முடித்ததும் அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்று வாரமாகப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டதே அதற்கு மூச்சுமுட்ட வைத்திருக்கிறது. கேவலமாக இருந்தது. அதைவிட, முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது.

ஸ்க்ரூ அண்ணன் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே உள்ளங்கை அளவு விசிறி ஒன்று பஞ்சு படிந்து, ஒரு இறக்கை முறிந்து நின்றிருந்தது. அவர் முகம் தெளிந்தது. முன்னறைக்குக் கேட்கிற மாதிரி, "சார், உள்ள இருக்கிற குட்டி ஃபேன் போயிடுச்சு. அதான் சூடேறி நின்னுபோகுது. புதுசு வர ஒரு வாரம் ஆகும்" என்றார். பிறகு மேகச் சட்டையை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்து, பையில் வைக்கச் சொல்லிக் கண்ஜாடை காட்டினார்.

அவர் டேபிள் ஃபேனை, திறந்திருந்த பெட்டியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒரு டிஸ்க்கைப் போட்டார். எழுபத்திரண்டு வந்தது, போனது. எண்பது. தொண்ணூறு. நூறு என்றதும் தட்டு தானாகவே வெளியே வந்தது, நாக்கை நீட்டும் குழந்தை மாதிரி. அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

அவர் போன பிறகு பதினொன்றும் பன்னிரண்டும் ஒழுங்காக முடிந்தன. ஆனால் அறையில் அவள் பக்கம் ஒரு இம்மி காற்று இல்லை. ஜாக்கெட் முதுகோடு ஒட்டியது, கண் இருட்டியது. ஃபேனின் பின்னால் இருக்கிற குமிழை உள்ளே அழுத்தினாள். ஃபேன் தலையை ஆட்டத் தொடங்கியது. கொஞ்சம் பெட்டிக்கு, கொஞ்சம் அவளுக்கு. காற்று வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள், போகும்போது அது திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்திருப்பதுபோல் இருந்தது.

பதின்மூன்று எண்பத்தெட்டில் நின்றது.

அப்போது பார்த்து முதலாளி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், தலையாட்டிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். கோபப்படவில்லை. கையை நீட்டிக் குமிழை மேலே இழுத்துவிட்டார். ஃபேன் பெட்டியைப் பார்த்தபடி நின்றது.

"ஆட விடாதம்மா" என்றார்.

அன்று ஆறு மணிக்குள் இருபத்தாறு முடிந்திருந்தது. அவள் ஃபேனின் வயரைப் பிடுங்கக் குனிந்தபோது முதலாளி வாசலில் நின்றார். ராத்திரி கல்யாண வீடியோவை ஏற்ற வேண்டும், மெஷின் விடிய விடிய ஓடும், அதனால் ஃபேன் இங்கேயே இருக்கட்டும் என்றார். புதிய பாகம் வந்த பிறகும் இப்படியே இருந்தால் நல்லது என்று தோன்றியதாம். அவள் தலையாட்டினாள். பிறகு, கேட்க இதுதான் நேரம் என்று நினைத்து, விடுப்பைப் பற்றி ஞாபகப்படுத்தினாள்.

முதலாளி சந்தோஷமாக இருந்தார். வரிசையாக அடுக்கியிருந்த டிஸ்க்குகளை ஒரு விரலால் தட்டிக்கொண்டே பேசினார்.

"அதான் இப்ப எந்தப் பிரச்சினையும் இல்லையேம்மா. டிஸ்க்கை எடுத்து டிஸ்க்கைப் போட முன்னாடி இருக்கிற பையனே போதும். நீ நிம்மதியாப் பெத்துட்டு, வீட்டோட இரு."

அவருக்கு அது நல்ல மனசோடு சொன்னதாகவே பட்டிருக்க வேண்டும். கதவைக்கூட அவளுக்காகத் திறந்து பிடித்தார். முன்னறைக் குளிர் அவள் மேல் முழுசாக அடித்தது, தெருவுக்கு வந்ததும் நின்றது.

வீட்டில் கணவன் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான். அவள் தோளில் தொங்கிய பை இளைத்திருந்ததைப் பார்த்தான்.

"ஃபேன் எங்க?"

"அதுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு."

அவன் சிரிக்கவில்லை. மீதியை அவள் சொல்லாமலே புரிந்துகொண்டான் போலிருக்கிறது. கூரைத் தகரம் பகல் சூட்டை இன்னும் இறக்கிக்கொண்டிருந்தது. அவன் பாயை விரித்து அவளைப் படுக்கச் சொன்னான். பையில் கைவிட்டதில் அந்தத் துணிதான் அகப்பட்டது. பொத்தான்களைக் கழற்றி உதறி, இரண்டு முனைகளைப் பிடித்து வீச ஆரம்பித்தான். டியூட்டிக்குப் போக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

மேகங்கள் அவள் வயிற்றுக்கு மேலே எழும்பின, இறங்கின. நிலா வந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு அவள் தன்னையறியாமல் ஒவ்வொரு வீச்சாக எண்ணினாள். எழுபதைத் தாண்டிய ஏதோ ஓர் இடத்தில் காற்று நின்றது. துணி காலடியில் மெல்ல விழும் சத்தமும், பெல்ட் கொக்கி மாட்டும் சத்தமும், கதவை ஓசைப்படாமல் சாத்தும் சத்தமும் கேட்டன. அவள் கண்ணைத் திறக்கவில்லை. பாயிலிருந்து கால்களை லேசாகத் தூக்கிக்கொண்டு, மறுபடி ஓடும் என்று காத்திருந்தாள்.