கிட்டங்கிச் சாவி

வெயிலம்மாள் கல்லைத் தூக்கி மிளகாய் வத்தலைச் சேமித்து வைக்கும் கிட்டங்கியின் பூட்டில் ஓங்கிப் போட்டாள். தூறல் விழுந்துவிட்டது. களத்தில் அவளுடைய ஒரு வருஷப் பாடு, அத்தனை வத்தலும், மூட்டை மூட்டையாக நனையத் தொடங்கியிருந்தது.

"ஏட்டி, சர்க்கார் கட்டடம்! ஜெயிலுக்குப் போயிருவ!" கிட்டங்கி சூப்பர்வைசர் மாதவன் குறுக்கே பாய்ந்தான்.

"மூட்டைக்கு மூட்டை செஸ் வரி பிடிச்சீரே, அந்த ரூவா கிட்டங்கிக்கு மட்டுந்தான்னு சொல்லி! சாவியத் தாரும்!"

"மேலிடத்து உத்தரவு வேணும்."

"மழை உத்தரவு கேட்டுட்டா வருது?"

திறப்பு விழா முடிந்து இரண்டு வருஷமாக வத்தல் காயும் நாளில் மழையே இல்லாததால், யாரும் சாவி கேட்டதில்லை.

மாதவன் அவள் கையை முறுக்கினான். உதறிவிட்டு மறுபடி அடித்தாள். பூட்டு தெறித்தது. மூட்டையோடு உள்ளே ஓடியவள் அப்படியே நின்றாள்.

உள்ளேயும் மழை பெய்துகொண்டிருந்தது. உயர்ந்த நாலு சுவருக்கும் மேலே கூரையே போடவில்லை.