இரண்டு பக்கம் படித்தவர்

என் அண்ணன் புத்தகம் கட்டுபவர். இருபது வருடமாக ஊரார் எழுதியதையெல்லாம் தைத்து, ஒட்டி, ஓரம் வெட்டி அனுப்புகிறார். ஒன்றையாவது முழுசாகப் படித்தாரா என்றால், கிடையாது. அவருடைய பட்டறையில் ஃபாரம் அடுக்குவது என் வேலை. ஃபாரம் என்றால் பதினாறு பக்கமாக மடித்த தாள். அச்சகத்திலிருந்து எல்லாம் ஒரே நாளில் வந்து சேராது. போன மாதம் ஒரு நாவலுக்கு ஏழு ஃபாரம் வந்தது, கடைசியான எட்டாவதைக் காணோம்.

அந்த ஏழு ஃபாரத்தையும் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். தன் படிப்பை நிறுத்திய அண்ணனை எதிர்த்து ஒரு தங்கை நிற்கிறாள். என்னையும் பத்தாவதோடு நிறுத்தியவர் அண்ணன்தான். அவள் அடுத்து என்ன செய்வாள் என்று நான்கு நாள் மண்டை காய்ந்தது. ஐந்தாம் நாள் எட்டாவது ஃபாரம் வந்தது. அதில் அவள் அண்ணன் தோளில் சாய்ந்து அழுது மன்னித்துவிடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து இப்படியா கழுத்தறுப்பது?

அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். நாவலின் ஆட்கள் ஒருவரும் வேண்டாம். என் அண்ணன், நான், இந்தப் பட்டறை. ஆறு பக்கம். பத்திரிகை ஒன்றின் சிறுகதைப் போட்டிக்கு இன்று ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டியிருந்தது. அவர்கள் அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான்.

மூன்று மணிக்கு அது அண்ணன் கண்ணில் பட்டுவிட்டது. நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார்.

"அந்த நாவலப் பாத்துக் காப்பியடிச்சியா?"

"அது அவங்க கதை. இது நம்ம கதை."

"என் பட்டறையில உக்காந்துகிட்டு என்னையே கிழிக்கிறியா?"

"பொய்யா ஒரு வரி காட்டுங்க, அந்த வரிய அடிச்சிடறேன்."

அவர் தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"மீதியையும் படிங்கண்ணா."

"படிச்ச வரைக்கும் போதும்."

ஆறு தாளையும் கட்டிங் மெஷினில் வைத்தார். கத்தி நாலைந்து முறை இறங்கியது. பிறகு ஒன்றும் நடக்காதது போலப் பசை கலக்கப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கையில் கிடைத்த வெற்றுத்தாளை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். பத்திரிகை அலுவலக வாசற்படியிலேயே உட்கார்ந்து மறுபடி எழுதினேன். ஒவ்வொரு வரியும் மனப்பாடம். நாலே முக்காலுக்கு ஐந்து பக்கம் முடிந்தது.

வெட்டுப்பட்ட ஆறாவது பக்கத்தில், எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் வீணான ஃபாரங்களைக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அண்ணன்தான் என்று எழுதியிருந்தேன். அவர் அதுவரை படிக்கவில்லை.

இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஐந்து பக்கத்தோடு கொடுத்துவிட்டு வந்தேன்.