எட்டுக் கால் சர்க்கரை

"உவ்வே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

என் நாத்தனார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரஷ்ஷின் நுனியை நாக்கில் வைத்து ஒரு சுழற்று சுழற்றிக் கூராக்கினார். அந்த ஈரத்தைச் சர்க்கரை ஆக்டோபஸின் காலில் தடவி உடம்போடு ஒட்டினார். ஜலதோஷம் வேறு, மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மறுபடியும் பிரஷ் வாய்க்குள் போனது.

பக்கத்திலேயே கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. சர்க்கரை மாவில் செய்த கை கால்களை ஒட்ட ஒரு துளி ஈரம் போதும், அதற்காகவே தினமும் காலையில் நான் நிரப்பி வைக்கும் கிண்ணம். சாயங்காலம் வரை குறையாது. எங்கள் அண்ணி எவ்வளவு அளவாக வேலை செய்கிறார் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். என் வாயைத்தான் முதலில் கழுவ வேண்டும்.

வீட்டின் பின்பக்கம்தான் எங்கள் கேக் கடை. சுடுவது நான். மேலே வைக்கும் பொம்மை என் கணவரின் அக்காவுடையது. தூசி விழும் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார்; இன்றைக்குத்தான் தட்டாமல் நுழைந்தேன். தூசியாம்!

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? கால் ஒட்டறேன்."

"எச்சிலாலயா?"

"நுனி கூரா இருந்தாத்தான் இடுக்குல போகும். தண்ணின்னா கரைஞ்சு வழியும். இத்தனை வருஷத்துல யாரு செத்தா, சொல்லு?"

யாரும் சாகவில்லைதான். ஆனால் இந்த கேக் யாருக்கு? ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பிய சின்னப் பெண்ணுக்கு. சின்னத் தொற்று வந்தாலும் மறுபடி அட்மிஷன்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். "வெளியில வாங்கவே பயமா இருக்குங்க. உங்க கை சுத்தம்னு சொன்னாங்க," என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மீன் தொட்டி மாதிரி கேக், மேலே ஆக்டோபஸ். "எட்டுக் காலும் எனக்குத்தான்," என்று மாஸ்க்குக்குள்ளிருந்து உத்தரவு போட்டது அந்த வாண்டு.

கணவரிடம் போனேன். செய்தித்தாளை இறக்கவே இல்லை.

"பொம்மை பாக்கறதுக்குத்தானே? ஏதாவது கிளப்பி அக்காவ அழ வைக்காத."

"உங்க அக்கா எச்சில நீங்க தின்னுங்க!"

"சின்ன வயசுல நிறைய தின்னிருக்கேன்," என்றார் மனுஷன், கூச்சமே இல்லாமல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அண்ணிதான் பொம்மை செய்தார். பூனை, ரயில், யானை. ஒவ்வொன்றின் தலையையும் என் மகள் உடைத்து எனக்குத்தான் ஊட்டினாள். குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தேன், எத்தனை கொப்பளித்தாலும் போகவில்லை அந்த நினைப்பு.

திரும்பி வந்து ஆக்டோபஸை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டு, எடுத்து ஒட்டவைத்துவிடப் போகிறாரே என்று மேலே முட்டை ஓட்டையும் கொட்டினேன்.

அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. "செய், நீயே செய். உருளைக்கிழங்குக்குக் கால் முளைச்ச மாதிரிதான் வரும்."

அப்படியேதான் வந்தது. கொதித்து ஆறிய தண்ணீர், புது பிரஷ், கையுறை, எல்லாம் சரி. ஆனால் கால் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். அவர் செய்வது தொட்டால் ஒடியும் அளவுக்கு மெல்லிசு. என்னுடையது ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் காய்ந்து கருங்கல்லாகிவிட்டது. கண் வேறு ஒன்று மேலே, ஒன்று கீழே. இருக்கட்டும், சுத்தம்!

மறுநாள் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் குழந்தை கைதட்டியது. எனக்கு உயிரே வந்தது.

"சுத்தமா செஞ்சிருக்கீங்கல்ல?" என்றாள் அம்மா.

"கை படாம செஞ்சிருக்கேம்மா. பிரஷ்கூட புதுசு." கதவோரம் நின்ற அண்ணியின் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

"அம்மா, ஒரே ஒரு கால் இப்ப!" கெஞ்சியது குழந்தை. அம்மா கையில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டு, குழந்தையின் கையிலும் தேய்த்துவிட்டு, ஒரு காலைத் திருகி எடுத்துக் கொடுத்தாள். பார்த்துப் பூரித்துப் போனேன். குழந்தை மாஸ்க்கை இறக்கிக் கடித்தது. பல் இறங்கவில்லை.

"கல்லு மாதிரி இருக்கும்மா."

"குடு இங்க."

வாங்கித் தன் கடைவாயில் போட்டாள். இப்படிப் புரட்டி, அப்படிப் புரட்டி, கடக்கென்று உடைத்தாள். பளபளவென்று நனைந்த துண்டை உள்ளங்கையில் துப்பி, ஃபூ என்று ஊதி, குழந்தை வாயில் வைத்தாள். காக்காய்க் கடி மாதிரி மேலே ஒரு துணியாவது சுற்றிக் கடித்திருக்கக் கூடாதா?

"இப்ப நல்லா ஊறிடுச்சு. சாப்பிடு கண்ணு."

பெற்றவளிடம் போய் உன் எச்சில் என்று எப்படிச் சொல்வது?

அண்ணி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இன்னும் ஏழு கால் இருக்கு," என்றார்.