பம்பாயிலிருந்து லண்டன், மாட்டுவண்டிக் கணக்கில்

1

இப்போதெல்லாம் எவனையாவது ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மணிக்கணக்கில் பதில் சொல்கிறான். பெங்களூருக்கு ஒன்றரை மணி, சேலத்துக்கு ஐந்து மணி. நான் கேட்டது மைல். பஸ் வந்ததிலிருந்து ஓசூரில் மைல் செத்துவிட்டது. அந்தக் கோபத்தில் பிறந்த கதை இது. மூன்றாவது வரை படித்தவன் எழுதுகிறேன்; பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1956ஆம் வருஷம் தை மாதம், வானத்தில் ஒரு விமானம் பறவையைப் போல" (அடித்துவிட்டேன். அந்த விமானத்தை நான் பார்க்கவே இல்லை.)

அடுத்தது: "ஓசூரில் திம்மராயன் என்று ஒரு வண்டிக்காரன். அவன் மகள் முனிலட்சுமி, வெள்ளைக்கார டாக்டரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, பம்பாயில் விமானம் ஏறி லண்டன் போனாள்."

இது பரவாயில்லை. தூரம் போனவர்கள் போய்ச் சேரும்வரை எங்கள் பக்கம் வீடு கூட்டமாட்டார்கள். ஆகவே திம்மராயன் மனைவி மாரம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எத்தனை நாள் கூட்டாமல் இருப்பது?

ஜவுளிக்கடை கௌஸ் மொய்தீன் பெங்களூரில் விசாரித்து வந்தார்.

"நாலாயிரத்தி ஐநூறு மைலுண்ணா. நடுவுல எறங்கி ஏறிப் போனாலும் ஒரு நாளு."

"கல்லாவிச் சந்தைக்கு வண்டி கட்டுனாலே ரெண்டு நாளு. யாருகிட்ட கத விடற பாய்?" என்றான் திம்மராயன்.

3

இந்தத் திம்மராயன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இவ்வளவு பிடிவாதக்காரனைப் படித்தால் சிரிப்பீர்கள். சரி, சிரியுங்கள். திம்மராயன் நான்தான்.

மாடு ஒரு நாளில் இருபது மைல் போகும். அப்படியானால் இருநூற்று இருபத்தைந்து நாள். விமானத்துக்குப் பத்து மடங்கு வேகம் கொடுத்தேன். (தாராளமாகத்தான் கொடுத்தேன்.) இருபத்திரண்டு நாளும் கொஞ்சமும். பாய் பேச்சைக் கேட்காதே, அதுவரை துடைப்பத்தைத் தொடாதே என்று மாரம்மாவிடம் சொன்னேன்.

தரையில் கேழ்வரகு உமி, புளிய இலை, கோழி எச்சம். முனிலட்சுமி கிளம்பும்போது தலைவாரிப் போட்ட முடிச்சுருள் மூலையிலேயே கிடந்தது. மாரம்மா அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தாள். அதைப் பார்க்கும்போது எனக்கு (இந்த வரியை முடிக்க வரவில்லை.)

4

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. எழுத்துக்கூட்டி நானே படித்தேன். ஏறின மறுநாளே இறங்கிவிட்டாளாம். அங்கே குளிராம். மாரம்மா கேட்டுவிட்டும் துடைப்பம் பக்கம் போகவில்லை.

என் கணக்கால்தானே இத்தனை நாள் குப்பைக்குள் இருந்தாள்? வெட்கமாகப் போயிற்று. நானே துடைப்பத்தை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னத நம்பிக்கிட்டு இருந்தேன்னு நெனச்சீங்களா? பாய் சொன்னப்பவே எனக்குத் தெரியும். கூட்டிட்டா அவ போயிட்டான்னு ஆயிடும். அதான்."

அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கூட்டினேன்.

5

முடிவு இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று, அவள் சொன்னது நிஜம். இன்னொன்று, என் முகம் தொங்கியதைப் பார்த்து எனக்காக அப்போதே இட்டுக்கட்டிச் சொன்னாள். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தும் எது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சிரிக்கிறாள். உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், எழுந்து போகிறேன். நாலாயிரத்து ஐந்நூறு மைலை ஒரே நாளில் கடந்தாள் என்பதை மட்டும் இன்னும் நான் நம்பவில்லை.