சம்பந்திக் கட்டை

விசைத்தறியில் பார்டர் டிசைன் போடும் கணினிப் பெட்டியை இரண்டு கம்பெனிகள் விற்றன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்புக்கு எழுதிய டிசைனை நீலம் தொடாது. நீலத்தின் டிசைனைச் சிவப்பு சீந்தாது. எதை வாங்கினாலும் நெசவுக்காரர் ஆயுசுக்கும் அந்தக் கம்பெனியின் காலில் விழுந்து கிடக்க வேண்டியதுதான்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மோகனப்ரியாவுக்கு இந்த அநியாயம் பொறுக்கவில்லை. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, நடுவில் செருகுகிற சின்னக் கட்டை ஒன்றைச் செய்தாள். அதற்குப் பிறகு யார் டிசைனும் யார் பெட்டியிலும் ஓடியது. பக்கத்து நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையில் அதற்கு ‘சம்பந்திக் கட்டை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று வருஷத்தில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

கம்பெனிகள் அடித்துக்கொண்டவரை அவள் நல்லவள். சிவப்புக் கம்பெனி அதிகாரி ஆதிகேசவனே கடை தேடி வந்து, எதிராளியின் வாடிக்கையை இழுக்க முப்பது கட்டை வாங்கிப்போனார். இப்போது சண்டை தீர்ந்து, இரண்டு கம்பெனியும் தங்கள் காப்புரிமைகளை ஒரே கூட்டில் போட்டு, சேர்ந்தே உரிமம் விற்கப் புறப்பட்டுவிட்டன. நிஜமாகவே சம்பந்தியான பிறகு நடுவில் இவள் எதற்கு?

அதே ஆதிகேசவன் இன்று அந்தக் கூட்டின் ஆளாகக் காகிதக் கட்டோடு வந்து உட்கார்ந்தார்.

“உங்க கட்டை எங்க காப்புரிமைக்குள்ள வருது மேடம். இனிமே செய்ய மாட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. இல்ல, உரிமம் வாங்கிக்குங்க.”

“நான் செஞ்சதுக்கு நானே உங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமா? நீங்கதானே சார் வந்து வாங்கினு போனீங்க!”

“அது அப்போ மேடம்.”

எப்படிக் கூசாமல் சொல்கிறார் பாருங்கள்! அவள் அந்தக் காகிதக் கட்டிலிருந்த காப்புரிமை வரைபடத்தைப் பிரித்தாள். அச்சு அசலாக அவளுடைய கட்டை. அடியில் போன வருஷத் தேதி; அவள் விற்கத் தொடங்கியோ மூன்று வருஷம். ஓரத்தில் காதுபோல நீட்டியிருந்த துண்டின் ஓட்டையைக்கூட விடவில்லை. அம்புக்குறி போட்டு, ‘எண் பதினான்கு: காற்றோட்டத் துளை’ என்று எழுதியிருந்தது.

“இந்த ஓட்ட எதுக்கு சார்?”

“சூடு ஏறாம இருக்கத்தான். எங்க இன்ஜினியருங்க கண்டுபிடிச்சது.”

மேசையிலிருந்த கட்டையை எடுத்து அந்த ஓட்டையில் ஊதினாள். காற்று மறுபக்கம் வந்து அவர் முகத்தில் அடித்தது. கட்டைக்குள்ளே போக அதற்கு வழியே இல்லை.

“கீழ வுழுந்து தொலஞ்சி போவுதுன்னு தறி ஓட்ற எங்க பாவா, அக்கா வூட்டுக்காரரு, சொன்னாரு. நூல் கட்டி ஆணில மாட்றதுக்கு நான் போட்ட ஓட்ட சார் இது! திருடறவங்க, எதுக்குன்னாவது கேட்டுட்டுத் திருடக் கூடாதா?”

ஆதிகேசவன் வரைபடத்துக்குக் கை நீட்டினார். அவள் அதை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

“கையெழுத்து கெடையாது. இது எங்கிட்டயே இருக்கட்டும். உங்க காப்புரிமைய ரத்து பண்ணச் சொல்லி காப்புரிமை ஆபீசுக்கு எழுதறப்போ கூட வெக்கணும்.”